ஊசி தோலில், படம் நிணநீர்க்கணுவில்: எந்த டேபிள்?

கேள்வி: அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளி ஃபைல்களுக்குச் சென்னையில் இருந்து கோடிங் (சிகிச்சை விவரங்களுக்குக் குறியீடு போடும் வேலை) செய்கிறேன். இரண்டு ரிப்போர்ட்கள் வந்தன. ஒன்றில் செஸ்டாமிபி என்ற கதிரியக்க மருந்து கொடுத்து வலது மார்பகத்தை பிளேனார் (தட்டையான, இருபரிமாண) படம் எடுத்திருக்கிறார்கள். இன்னொன்றில் கையில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். அதைச் சுற்றித் தோலில் சல்ஃபர் கொலாய்டு என்ற கதிரியக்க மருந்தை ஊசி போட்டு, அக்குளில் சென்டினல் நோடை (கட்டியிலிருந்து வரும் நிணநீர் முதலில் சேரும் கணுவை) படம் பிடித்திருக்கிறார்கள். இரண்டையும் சிஹெச்1 குறியீட்டு டேபிளில் போட்டேன். இரண்டாவது தவறு என்கிறார் ஆடிட்டர். ஏன்?

பதில்: ஆடிட்டர் சொல்வது சரி. நீங்கள் குழம்பியதற்கும் காரணம் இருக்கிறது. உள்நோயாளி சிகிச்சைகளுக்கான குறியீட்டு முறையான ஐசிடி-10-பிசிஎஸ்ஸில் முதல் எழுத்து 'சி' நியூக்ளியர் மெடிசினை, அதாவது கதிரியக்க மருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனைகளை, குறிக்கும். இரண்டாவது எழுத்தான 'ஹெச்', தோல், தோலடித் திசு, மார்பகம் மூன்றுக்கும் பொது. ரிப்போர்ட்டில் 'தோல்' என்று கண்ணில் பட்டதும் கை தானாக 'ஹெச்' பக்கம் போய்விடுகிறது.

ஆனால் ஊசி எங்கே இறங்கியது என்பது இங்கே முக்கியமில்லை, கேமரா எதைப் பார்த்தது என்பதுதான் கேள்வி. மெலனோமா நோயாளிக்குத் தோல் வெறும் நுழைவாசல். மருந்து நிணநீர்க் குழாய் வழியே போய் முதலில் எந்தக் கணுவில் தங்குகிறது என்று பார்க்கத்தான் அந்தப் பரிசோதனையே. ஆகவே அது 'சி7', நிணநீர் மண்டலம். பிளேனார் படமென்றால் சி71 டேபிள். அறுவை அரங்கில் படமில்லாமல் கதிர்வீச்சை உணரும் காமா புரோபை வைத்து மட்டும் தேடினால் சி75. இதை 'ஹெச்'சில் போட்டால், நிணநீர்க்கணுவைத் தேடியதற்கான தடயமே அந்த நோயாளியின் பதிவில் இல்லாமல் போகும். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

முதல் ரிப்போர்ட்டுக்கு சிஹெச்101இசட்இசட். மூன்றாவது கேரக்டர் (எழுத்து அல்லது எண்) '1' பிளேனார், '0' வலது மார்பகம், அடுத்த '1' டெக்னீசியம்-99எம். செஸ்டாமிபி மருந்தின் பெயர்தான். ஐந்தாவது கேரக்டர் கேட்பது அதிலுள்ள ஐசோடோப்பை. ஸ்பெக்ட் (முப்பரிமாணப் படம்) எடுத்திருந்தால் சிஹெச்2 டேபிள். அப்புறம், கட்டி வலதில் இருந்தாலும் இரு மார்பகங்களையும் படமெடுத்திருந்தால் நான்காவது கேரக்டர் '2'.

இதெல்லாம் உள்நோயாளிக்கு மட்டும். புறநோயாளி ஃபைல் வந்தால் சிபிடி என்ற வேறு குறியீட்டு முறை. சென்டினல் நோடைப் படமெடுத்திருந்தால் 78195, படமில்லாமல் ஊசி மட்டும் போட்டிருந்தால் 38792. ஆர்டரை மட்டும் பார்த்துப் போடாமல், படம் எடுத்ததாக ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.