பாமினி எழுத்துருவில் அடித்த வினாத்தாள் வேறு கணினியில் ஏன் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது?

கோப்பு கெட்டுப்போகவில்லை டீச்சர், பயப்படாதீர்கள். கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. பாமினியில் ‘அ’ அடித்தால் உள்ளே பதிவாவது 109. அது ஆங்கிலச் சிறிய ‘எம்’முக்கு உரிய எண். பாமினி எழுத்துரு அந்த இடத்தில் ‘அ’ வடிவத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத கணினியில் ‘எம்’தான் தெரியும்.

யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் பொது முறை. அதில் ‘அ’வுக்கென்றே 2949 என்ற தனி எண் உண்டு. அதனால் செல்பேசியிலும் தமிழாகவே வரும், தேடினாலும் கிடைக்கும். ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் பவர்பாயின்ட்டுக்கு முன்பே இதைச் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

சரி, பழைய தாள்களை எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கிவிடுங்கள். அப்புறம் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஒன்றிரண்டு எழுத்து பிசகலாம். நாளைக்கே தேர்வு என்றால், பாமினி உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துருவும் அதற்குள்ளேயே சேர்ந்து போய்விடும்.