வீட்டுக் கணக்கு: கேள்வி-பதில்

எனக்கு 40 ஆயிரம், மனைவிக்கு 20 ஆயிரம் சம்பளம். வீட்டுச் செலவில் ஆளுக்குப் பாதி போடுகிறோம். மாதக் கடைசியில் அவர் கையில் ஒன்றும் நிற்பதில்லை, ஏன்? (நெய்வேலி)

பாதிக்குப் பாதி என்பது ஒரே அளவு சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் சரிப்படும். செலவு 30 ஆயிரம் என்றால் நீங்கள் 20, அவர் 10 போடுங்கள். வேலை முடிந்து வந்து சமைப்பது யார் என்று எழுதவில்லையே? அதையும் கணக்கில் சேருங்கள்.

மனைவி பெயரில் எஃப்.டி. போட்டால் எனக்கு வரி வராதுதானே? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

வரும். நீங்கள் கொடுத்த பணத்தின் வட்டி உங்கள் வருமானத்தில்தான் சேரும்.

என் 20 சவரன் நகையைக் கணவர் தன் பெயரில் அடகு வைத்து 5 லட்சம் வாங்கினார். நாலு வருஷமாக வட்டி கட்டி மாற்றி மாற்றி வைக்கிறார். கேட்டால் சண்டை. (கடலூர் முதுநகர்)

அம்மா, இதே கடிதம் எனக்கு மாதா மாதம் வருகிறது. ஒவ்வொரு முறையும் மனது கொதிக்கிறது. தாய்வீட்டில் போட்ட நகை உங்கள் சொத்து. கஷ்டகாலத்தில் கணவர் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

10 சதவீத வட்டி என்று வையுங்கள். வருஷத்துக்கு 50 ஆயிரம், நாலு வருஷத்தில் 2 லட்சம். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஒரு தவணை தவறினால் ஏல நோட்டீஸ் அவர் பெயருக்கு வரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: காகிதத்தில் யார் பெயர் என்று பாருங்கள்.

அடகுச் சீட்டை வாங்கி எடை, கெடு தேதி, வட்டி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களுக்குச் சம்மதம் என்றால், இருப்பதில் சில உருப்படிகளை விற்று மீதியை மீட்டுவிடுங்கள். விற்க மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனால் வட்டியிலேயே போய்க்கொண்டிருப்பதும் உங்கள் தங்கம்தான். இனி அடகு என்றால் உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் மட்டும்.

நாங்கள் இருவரும் மாதம் எவ்வளவு சேமிக்கலாம்? (பண்ருட்டி)

வருமானம் எழுதவில்லை, கடன் எழுதவில்லை. பருவத்துக்கு ஒருமுறை காசு பார்க்கும் முந்திரித் தோப்புக்காரருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் ஒரே பதில் எப்படிச் சொல்வது? தோப்பை நம்பியிருந்தால் ஒரு வருஷச் செலவு கையில் இருக்கட்டும். 2011 தானே புயலுக்கு அப்புறம் புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்குக் காத்திருந்த ஊர் உங்களுடையது. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

ஜாயின்ட் அக்கவுன்ட் இருந்தால் நாமினி வேண்டுமா? (வில்லியனூர்)

வேண்டும். ஒரே விபத்தில் இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கு. 'இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர்' என்று கணக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை பணம் எடுக்கவும் இரண்டு கையெழுத்து கேட்கலாம்.