ரோமில் கருத்தரங்கு, நேரம் குறைவு

மூன்று நாளும் காலை 9 முதல் மாலை 6 வரை அமர்வுகள், ரோமை எப்போது பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். விடியற்காலையை விட்டுவிடாதீர்கள். புனித பேதுரு பேராலயத்தை 7 மணிக்கே திறந்துவிடுவார்கள், கட்டணமும் இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை மட்டும் கட்டாயம். நுழைந்ததும் வலப்பக்கம், கண்ணாடிக்குப் பின்னால், மைக்கேலாஞ்சலோ செதுக்கிய பியத்தா சிலை. இறந்த இயேசுவை மடியில் கிடத்தியிருக்கும் தாய் மரியாவின் இடது கையை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். எதையும் பற்றாமல் விரிந்திருக்கும். எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

அப்புறம், இருட்டியதும் காம்பிதோலியோ குன்றில் ஏறி, நகரமன்றக் கட்டடத்தின் பின்பக்கம் போய் நில்லுங்கள். பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தின் தூண்கள் விளக்கொளியில் கீழே தெரியும். வத்திக்கான் அருங்காட்சியகத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதீர்கள்; மாதக் கடைசி ஞாயிறு தவிர விடுமுறை.