காண்ட்ராக்ட் வருமுன் நோட்டீஸ் கொடுக்கலாமா?

கேள்வி: நான் அமெரிக்கக் குடிமகன். அமெரிக்க மத்திய அரசுக்கு மென்பொருள் பணி செய்துதரும் ஒரு காண்ட்ராக்ட் நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போயிருந்தேன். தொழில்நுட்பக் கேள்விகள் குறைவு. என் ரெஸ்யூமேயைத்தான் வரி வரியாகக் கேட்டார்கள். 'காண்ட்ராக்ட் கிடைத்தால் சேர்வேன்' என்ற கடிதத்தில் கையெழுத்து வேண்டுமாம். சீக்ரெட் கிளியரன்ஸும் (அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான அனுமதி) தேவை. என் அம்மா சென்னையில் இருக்கிறார். இப்போதைய வேலைக்கு நோட்டீஸ் கொடுத்துவிடலாமா?
– வாசகர், வர்ஜீனியா

பதில்: கூடவே கூடாது. அந்த நிறுவனம் இன்னும் டெண்டரில் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் ரெஸ்யூமே அதில் இணைக்கப்படும் ஒரு தாள். அதனால்தான் அந்த வரி வரியான விசாரணை. அரசு எட்டு ஆண்டு அனுபவம் கேட்டிருந்து, உங்கள் கணக்கு இரண்டு மாதம் குறைந்தாலும் சிக்கல். ஒவ்வொரு வேலைக்கும் மாதம், ஆண்டு இரண்டையும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் தங்கள் பாணியில் ரெஸ்யூமேயைத் திருத்துவார்கள். அனுப்புமுன் கேட்டு வாங்கிப் படியுங்கள். செய்யாத வேலை சேர்ந்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள், அது உங்கள் பெயரில் அரசிடம் போகிறது.

கடிதத்தில் சம்பளமும் காலாவதித் தேதியும் இருக்கட்டும். 'இதே டெண்டரில் வேறு நிறுவனத்துக்குப் பெயர் தரமாட்டேன்' என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் மற்ற வாய்ப்புகள் அடைபடும்.

அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டியவை: இது புதிய பணியா, இப்போது வேறொரு நிறுவனம் செய்துவரும் பணியா? முடிவு எப்போது? தோற்ற நிறுவனம் ஜி.ஏ.ஓ. என்ற மத்திய தணிக்கை அமைப்பிடம் முறையிட்டால் தீர்ப்புக்கு 100 நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் அதுவரை பணி தொடங்காது. காண்ட்ராக்ட் எத்தனை ஆண்டு? ஓர் ஆண்டும், அதன்மேல் நான்கு 'ஆப்ஷன்' ஆண்டுகளும் என்பது வழக்கம். ஆப்ஷனை நீட்டுவதும் நிறுத்துவதும் அரசின் விருப்பம். நிறுத்தினால் வேறு திட்டத்தில் வைப்பார்களா, வேலையே போகுமா என்பதை நேராகக் கேளுங்கள்.

கிளியரன்ஸுக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. நிறுவனம் எழுத்தில் வேலை தந்து, நீங்கள் ஏற்ற பிறகே அது தொடங்கும். அதற்காக உங்களிடம் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

கிளியரன்ஸுக்கான எஸ்.எஃப்.-86 படிவத்தை நிரப்பவே நேரம் பிடிக்கும். பத்து ஆண்டு முகவரிகளும் வேலைகளும் இடைவெளியின்றி வேண்டும். வேலையில்லாத மாதங்களையும் எழுத வேண்டும். ஏழு ஆண்டு வெளிநாட்டுப் பயணங்களுக்குப் பழைய பாஸ்போர்ட்டுகளை இப்போதே தேடி எடுங்கள். அம்மா இந்தியாவில் இருப்பது மட்டுமே தடையாகாது, மறைத்தால்தான் ஆபத்து. என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வைக்கும் வங்கிக் கணக்கு), ஊரில் உங்கள் பெயரில் உள்ள வீடு, நிலம் எல்லாம் வரவேண்டும். நம்மவர்கள் 'சின்னத் தொகைதானே' என்று விடுவது இங்கேதான். கஞ்சா உங்கள் மாநிலத்தில் குற்றமில்லை என்றாலும் மத்திய சட்டத்தில் குற்றமே. கேட்கும் இடத்தில் உண்மையை எழுதுங்கள்.

முழு விசாரணை முடியுமுன் இடைக்கால கிளியரன்ஸ் கிடைப்பதுண்டு. அந்தப் பணிக்கு அது போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காண்ட்ராக்ட் கைக்கு வந்து, தேவையான கிளியரன்ஸும் கிடைத்து, சேரும் தேதியுடன் கடிதம் வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள்.