அடித்ததில்லை, திட்டியதில்லை, பேசாமல்தான் இருப்பேன்!

மேடம், எனக்கு ஒரே மகள். பிளஸ் ஒன், பயாலஜி குரூப். நாலு மாதமாக ஆளே மாறிவிட்டாள். எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். ஸ்கூல் விட்டு வந்தால் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படுத்துவிடுகிறாள். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தால் முழித்துக்கொண்டிருக்கிறாள். ஆசையாகப் போய்க்கொண்டிருந்த டான்ஸ் கிளாஸையும் விட்டுவிட்டாள். வீடு தேடி வந்த தோழியிடம், "தூங்குறேன்னு சொல்லிடும்மா" என்கிறாள்.

"நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார் அவள் அப்பா. மாமியாரைக் கேட்டால், வயசுக் கோளாறு என்கிறார். நாங்கள் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. மார்க் குறைந்தால் நான் திட்டக்கூட மாட்டேன். இரண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பேன். அவளே வந்து ஸாரி சொல்லுவாள். இந்த முறை அதுவும் இல்லை. டிப்ரஷனாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறார் டீச்சர். எங்கள் வளர்ப்பில்தான் குறையா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

அன்புச் சகோதரி,

டீச்சர் சொன்னதை இந்த வாரமே செய்யுங்கள். பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும். அதனாலேயே வீட்டில் அதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறோம். தூக்கம் கெட்டு, பிடித்ததை விட்டு, தோழியையும் ஒதுக்குவது இரண்டு வாரம் நீடித்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு நாலு மாதம். தைராய்டு, ரத்தசோகைகூட இப்படிச் சோர வைக்கும் என்பதால் அதற்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று அவளிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் (டெலி மானஸ்) எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சரி, வளர்ப்பு. கண்டிப்பா, செல்லமா என்பதுதான் உங்கள் வீட்டுச் சண்டை. டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலேயே இந்த இரண்டையும் தாண்டி, அன்பும் கட்டுப்பாடும் சேர்ந்த மூன்றாவது முறை ஒன்று உண்டு என்று காட்டிவிட்டார். கண்டிப்பிலும் இரண்டு வகை உண்டு. பத்து மணிக்கு மேல் போன் ஹாலில்தான் இருக்கும் என்பது நடத்தைக்குப் போடும் விதி. பிள்ளை முகம் சுளிக்கும், அவ்வளவுதான். மார்க் குறைந்ததற்காகப் பேச்சை நிறுத்துவது வேறு. 'மார்க் வந்தால்தான் அம்மா' என்றுதான் பிள்ளைக்கு அது கேட்கும். மனச்சோர்வோடு அதிகம் சேர்ந்து வருவது இந்த இரண்டாவது வகைதான். அடி விழவில்லையே என்று நீங்கள் நிம்மதிப்பட்ட அந்த மூன்று நாளும் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. ஸாரி சொல்லவும் வரவில்லை என்பதை நான் திமிராகப் பார்க்கவில்லை. முயன்று அலுத்துப்போயிருக்கலாம்.

அதற்காக எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2007-ல் வந்தது. பிள்ளைகளுக்கிடையே மனச்சோர்வில் காணும் வேறுபாட்டில் வளர்ப்போடு தொடர்புள்ளது சுமார் 8 சதவீதம்தான் என்றது அது. அதிலும் கட்டுப்பாட்டைவிடப் பிள்ளையை ஒதுக்குவதும் வெறுப்பைக் காட்டுவதும்தான் மனச்சோர்வோடு கூடுதலாகத் தொடர்புள்ளவை. பரம்பரை, உடல், பள்ளி, நட்பு எல்லாம் இதில் உண்டு. போதாததற்கு, பிள்ளை சிடுசிடுக்கும்போது நாமும் கடுமையாகிவிடுகிறோம். எது முதலில் வந்தது என்று பிரிப்பது கஷ்டம்.

இன்றைக்கே நீங்களாகப் போய்ப் பேசுங்கள். "மார்க் பத்திப் பேச வரல, சாப்பிட்டியா?" போதும். பதில் வராவிட்டால் நாளைக்கும் பேசுங்கள். விதிகளைத் தளர்த்த வேண்டாம், பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள். உறவினர்கள் மார்க் விசாரித்தால் நீங்களே பேச்சை மாற்றிவிடுங்கள் (அந்த விசாரணைக்கு மட்டும் நம் ஊரில் லீவே கிடையாது!).

டாக்டரிடம் கணவரும் வரட்டும். மகள் கொஞ்ச நேரம் தனியாகப் பேசட்டும், நீங்கள் இருவரும் வெளியே இருங்கள். உள்ளே என்ன சொன்னாய் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்காதீர்கள்.