பிரியாணிக் கடையில் மேஜிக் எடுபடவில்லையா?

கேள்வி: சனி, ஞாயிறுகளில் சௌகார்பேட்டையில் ஒரு சைவ ஓட்டலிலும் பெரம்பூரில் ஒரு பிரியாணிக் கடையிலும் மேஜை மேஜையாகப் போய் மேஜிக் செய்கிறேன். சீட்டு, ஸ்பாஞ்சு பந்து, நாணயம் என்று மூன்றே ஐட்டம். சைவ ஓட்டலில் நல்ல கைதட்டல். பெரம்பூரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எதை மாற்ற வேண்டும்?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: உங்கள் கைவேலையில் குறையிருந்தால் சௌகார்பேட்டையிலும் கைதட்டல் விழுந்திருக்காது. நீங்கள் போய் நிற்கும் நேரம்தான் தவறு. சைவ ஓட்டலில் ரொட்டியும் பனீரும் சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏறும். கால் மணி நேரம் மேஜை சும்மா இருக்கும். பிரியாணியோ ஏற்கெனவே தம் போட்டு அண்டாவில் தயார். ஆர்டர் சொன்ன சூட்டோடு தட்டு வந்துவிடும். ஆவி பறக்கும் தட்டுக்கும் பசித்தவருக்கும் நடுவே நாம் போய் நிற்கவே கூடாது.

அந்தக் கடையில் மக்கள் காத்திருப்பது வாசலிலும் பார்சல் கவுன்டரிலும்தான். ஞாயிறு மதியம் உங்கள் இடம் அது. எல்லோருக்கும் காது டோக்கன் நம்பரில் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வித்தையும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், நடுவில் விட்டாலும் அசிங்கமாகத் தெரியக் கூடாது, மேஜை தேவைப்படக் கூடாது. ஒரு ரப்பர் பேண்டை இன்னொன்றுக்குள் ஊடுருவச் செய்வது, கயிற்றை வெட்டி ஒட்டுவது, இரவல் மோதிரத்தைக் கயிற்றில் கோப்பது எல்லாம் அங்கே எடுபடும். மனதில் நினைத்ததைச் சொல்லும் வித்தைகள் வேண்டாம். அண்டாவில் கரண்டி தட்டும் சத்தத்தில் நீங்கள் பேசுவது கேட்காது. ரப்பர் பேண்ட் இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். வியர்வையிலும் வெயிலிலும் அது இற்றுப்போய், சரியாக முக்கியமான நேரத்தில் அறுந்துவிடும். தினமும் புதிது எடுத்து, இழுத்துப் பார்த்த பிறகே பையில் போடுங்கள்.

முதலாளி உள்ளேயும் வரச் சொன்னால், சாப்பிட்டு முடித்து பில்லுக்குக் காத்திருக்கும் மேஜைக்கு மட்டும் போங்கள். பாதிச் சாப்பாட்டில் யாராவது கூப்பிட்டால் இதைக் கவனியுங்கள்: அவர் வலது கை முழுக்க மசாலா. சுத்தமாக இருப்பது இடது கைதான். ஆனால் இடது கையில் காசு வாங்கப் பெரியவர்கள் தயங்குவார்கள். அதனால் நாணயத்தை அவர் கையில் வைக்காமல், காலி டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். ஸ்பாஞ்சு பந்து எண்ணெயைக் குடித்துக்கொண்டு அடுத்த மேஜைக் குழந்தையின் கைக்குப் போகும். அங்கே அது வேண்டவே வேண்டாம். காகிதச் சீட்டும் அப்படியே, ஒரு எண்ணெய் விரல் பட்டால் கட்டே ஒட்டிக்கொள்ளும்.

நாணயம் பற்றி இன்னொன்று. வெளிநாட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்க அரை டாலரை வைத்துத்தான் சொல்லித்தருகின்றன, அது 30.6 மி.மீ. நம் 10 ரூபாய் நாணயம் 27 மி.மீ. உள்ளங்கையில் அது பிடிபடும் இடமே வேறு. ஜனங்கள் தங்கள் பையிலிருந்து எடுத்துத் தரப்போவது 10 ரூபாயைத்தான், அதிலேயே பழகுங்கள். நாணயத்தின்மேல் வைத்த உப்புக் குப்பியை மேஜைக்குள் ஊடுருவ வைக்கும் பழைய வித்தைக்கு மடி வேண்டும், அதனால் உட்கார்ந்து செய்பவருக்கு மட்டுமே அது கைகொடுக்கும். நீங்கள் நிற்பவர்.

சௌகார்பேட்டையில் நன்றாகப் போகிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள். அங்கே வரும் ஜைனக் குடும்பங்கள் பலருக்கு முட்டை ஆகாது. காலிப் பையிலிருந்து முட்டையை வரவழைக்கும் முட்டைப் பை வித்தையை, மர முட்டையோடுகூட எடுத்துப் போகக் கூடாது. சூரியன் மறைந்த பின் சாப்பிடாதவர்களும் அவர்களில் உண்டு. மாலை 5 மணிக்கே போய்விட்டால் அவர்களையும் பார்க்கலாம்.

இரண்டு கடைகளிலுமே கூட்டம் வருமுன் ஒரு நண்பரை மேஜைக்கு மேஜை உட்காரவைத்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று கேளுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர்க் கண்ணாடி இருந்தால் மறைத்ததெல்லாம் அதில் தெரியும். நேர் மேலே ஃபேன் சுற்றினால் பட்டுத் துணியும் சீட்டும் பறக்கும். அப்படிப்பட்ட மேஜைகளைக் குறித்துவைத்து, அங்கே கயிறு, ரப்பர் பேண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.