படகு இரவில் எங்கே நிற்கும்? கண்ணாடியிழையா, அலுமினியமா: கேள்வி பதில்

இலங்கையின் காரைநகரில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு உருவான சீநோர் படகு கட்டும் தளத்தில் வேலை பழகியவர் ஒருவரிடம், என் இளவயதில் கண்ணாடியிழைப் (ஃபைபர்கிளாஸ்) படகு வார்க்கக் கற்றேன். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கனடாவின் ஒன்ராறியோவில் படகு பழுதுபார்க்கிறேன். இங்கே என் கைக்கு வருபவற்றில் பாதிக்கு மேல் அலுமினியம். கோடை வந்தால் நம்மவர்கள் பலர் முதற்படகு வாங்கப் புறப்படுகிறார்கள். ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள். இந்த ஆண்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஸ்காபரோ): முதற்படகு வாங்கப் போகிறேன். பதினாறு அடி போதும். சிம்கோ ஏரிக்கும் ரைஸ் ஏரிக்கும் மாறி மாறிப் போவேன். எதை வாங்கலாம், அண்ணா?

தம்பி, நீங்கள் ஏரியின் பெயரைச் சொன்னீர்கள். படகு இரவில் எங்கே நிற்கும் என்று சொல்லவில்லை. ஒரு பொழுதுபோக்குப் படகு ஆண்டுக்கு முப்பது நாள் தண்ணீரில் ஓடினாலே அதிகம். மற்ற நாளெல்லாம் அது எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. அந்த இடம்தான் பாதி முடிவைச் சொல்லிவிடும்.

வீட்டு முற்றத்தில் இழுவண்டிமேல் நின்று, வார இறுதியில் சின்னக் காரின் பின்னால் போய், சரளைக்கல் கரையில் இறங்கி ஏறப் போகிற படகு என்றால் அலுமினியம் வாங்குங்கள். ஒரே அளவில் அது எடை குறைந்தது. சிறிய இயந்திரம் போதும், சிறிய வாகனம் போதும். கல்லில் உரசினால் கீறும், நெளியும், பெரும்பாலும் உடையாது. மே முதல் அக்டோபர் வரை படகுத்துறையில் கட்டிவைத்து, அலை எழுகிற பெரிய ஏரியில் நாள் முழுவதும் ஓடப் போகிறீர்கள் என்றால் கண்ணாடியிழை. நீங்கள் சொன்னபடி இரண்டு ஏரிக்கும் மாறி மாறி இழுத்துப் போவதானால், எனக்குச் சந்தேகமே இல்லை: அலுமினியம்தான்.

கேள்வி (மிசிசாகா): அலுமினியம் துருப்பிடிக்காது என்கிறார்கள். ஆனால் என் நண்பரின் படகின் அடியில் ஊசியால் குத்தியதுபோல ஓட்டைகள். எப்படி?

இரும்பைப்போல அது துருப்பிடிக்காது என்பது உண்மை. காற்றுப் பட்டதும் அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாகிறது. அந்தப் படலமே அதன் கவசம். ஆனால் ஈரம் இருக்கும் இடத்தில் செம்பு, பித்தளை, வெண்கலம் போன்ற உலோகம் அதைத் தொட்டால் அந்த இடம் ஒரு சிறிய மின்கலமாகிவிடும். கரைந்துபோவது அலுமினியம், செம்புக்கு ஒன்றும் ஆகாது.

எனவே உங்கள் நண்பரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். படகின் அடியில் தேங்கிய தண்ணீருக்குள் செப்பு நாணயமோ கம்பித் துண்டோ கிடக்கிறதா? ஒரு நாணயம் ஒரு கோடை முழுவதும் ஒரே இடத்தில் கிடந்து, தன் வட்டத்தை அப்படியே அரித்துவைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது, பாசி படியாமலிருக்க அடிப்பாகத்துக்குப் பூசிய பூச்சில் செம்பு இருக்கிறதா? கண்ணாடியிழைக்கு அது நல்ல பூச்சு, அலுமினியத்துக்கு நஞ்சு. மூன்றாவது, மின்கலத்தின் வயர் எங்காவது தோல் உரிந்து படகின் உடலைத் தொடுகிறதா?

நான்காவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இழுவண்டியில் படகைத் தாங்கும் மரச்சட்டங்களைச் சிலர் தாங்களே மாற்றுகிறார்கள். கடையில் கிடைக்கிற, உளுத்துப்போகாமல் மருந்தூட்டிய பலகையை வாங்கிப் பொருத்துகிறார்கள். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. மேலே போர்த்திய கம்பளம் மழையில் நனைந்து ஈரம் காக்க, படகு ஆறு மாதம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. நண்பரின் ஓட்டைகள் இரண்டு நேர்கோடாக இருந்தால் காரணம் இதுதான். மருந்தூட்டாத மரத்தை மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் அலுமினியத்துக்கு முழு நண்பர்கள் அல்ல. இடையில் நைலோன் வளையம் போட்டுத்தான் முடுக்கவேண்டும்.

கேள்வி (ஏஜாக்ஸ்): அலையில் எது சுகமாக ஓடும்? அலுமினியம் முதுகெலும்பை உடைத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

சுகத்தைத் தருவது வடிவமும் எடையும். தகட்டை வளைக்கலாம், மடிக்கலாம். ஆனால் ஒரு மண்சட்டியைப்போல எல்லாப் பக்கமும் குழிவாக எளிதில் இழுக்க முடியாது. கண்ணாடியிழையை அச்சு எந்த உருவம் கேட்கிறதோ அந்த உருவத்தில் வார்க்கலாம். அதனால் முன்முனையான அணியத்தில் கூர்மையாகத் தொடங்கி, பின்னே போகப்போகத் தட்டையாகிற வடிவம் அதற்கு இயல்பாக வருகிறது. அதோடு எடையும் சேர, அலையை வெட்டிக்கொண்டு போகிறது. எடை குறைந்த அலுமினியப் படகு அலையின் மேல் ஏறி விழும். காற்றடித்தால் பக்கவாட்டில் தள்ளப்படும். சிம்கோவின் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும்; அங்கே இந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். ஆழமான 'வி' வடிவ அடி உள்ள அலுமினியம் வாங்கினால் பாதிக் குறை தீரும். தட்டையடிப் படகோடு பெரிய ஏரியின் நடுவுக்குப் போகாதீர்கள்.

கேள்வி (பிரம்டன்): 1990களில் செய்த கண்ணாடியிழைப் படகு மிக மலிவாக வருகிறது. வெளியே பளபளப்பாக இருக்கிறது. வாங்கலாமா?

பளபளப்பைப் பார்க்காதீர்கள். மேலே பூசிய ஜெல்கோட்டை ஒரு நாளில் தேய்த்து மினுக்கிவிடலாம். கண்ணாடியிழையும் அதை இறுக்கிப் பிடிக்கிற பிசினான ரெசினும் எளிதில் கெடுவதில்லை. அவற்றுக்குள் ஒளிந்திருக்கிற மரம்தான் கெடுகிறது. அந்தக் காலப் படகுகளில் இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும், தளத்தின் கீழே நீளச் சட்டங்கள் மரத்தில் இருக்கும். யாரோ ஒருவர் ஒரு திருகைப் பசை பூசாமல் முடுக்கியிருப்பார். அந்தத் துளை வழியாகப் பத்து ஆண்டுகளாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும்.

பார்க்கப் போகும்போது ஒரு சின்ன மரச்சுத்தியல் கொண்டுபோங்கள். பின்பலகையைக் கை அகலத்துக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று தெளிவாக ஒலிக்கும். உளுத்த இடம் ஈரத்துணியைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும். எங்கள் ஆசான் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோலப் படகைத் தட்டுவார். காது அரை மணி நேரத்தில் பழகிவிடும். பிறகு இயந்திரத்தின் அடி நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். இயந்திரத்தோடு பின்பலகையும் அசைந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தளத்தின்மேல் நடந்து பாருங்கள். கால் அமிழ்ந்தால் கீழே சட்டம் போய்விட்டது.

மூடிய தளத்தின் கீழே நிரப்பிய நுரை தண்ணீர் குடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. முடிந்தால் இழுவண்டியோடு ஓர் எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள். இழுவண்டி, இயந்திரம், எரிபொருள், சாமான்களின் எடையைக் கழித்த பிறகும் தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட நூற்றைம்பது கிலோ கூடுதலாக இருந்தால் அது பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீர் இங்கே குளிர்காலத்தில் உறைந்து, கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்து, ஒட்டிய இடங்களையெல்லாம் நெம்பும்.

கேள்வி (மார்க்கம்): பழைய அலுமினியப் படகுக்கும் இதே சோதனைதானா?

இல்லை, அது எளிது. இழுவண்டியில் நிற்கும்போதே தண்ணீர் வடிகிற துளையின் அடைப்பானைப் பூட்டி, உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதிகம் விட்டால் எடை தாங்காமல் படகே கெட்டுவிடும். பிறகு அடியில் படுத்துப் பாருங்கள். தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணிகளில் எது கசிகிறதோ அதை மார்க்கரால் வட்டமிடுங்கள். நாலைந்து ரிவெட் கசிந்தால் இறுக்கிவிடலாம். பற்றவைத்த மூட்டின் ஓரத்தில் வெடிப்பு இருந்தால் யோசியுங்கள். பற்றவைத்த சூட்டில் அந்த ஓரத்தின் வலிமை ஏற்கெனவே குறைந்திருக்கும். இங்கும் பின்பலகைக்குள் மரம் இருக்கலாம், மறக்காதீர்கள்.

கேள்வி (பீற்றர்பரோ): ரைஸ் ஏரியில் நடுத்தண்ணீரில் ஏதோ இடித்து அடியில் உள்ளங்கை அளவுக்கு உடைந்துவிட்டது. கண்ணாடியிழைப் படகு. நானே ஒட்டலாமா?

நீங்கள் இடித்தது பெரும்பாலும் பழைய ரயில் பாதையாக இருக்கும். கோபர்க்கையும் பீற்றர்பரோவையும் இணைத்து 1854இல் அந்த ஏரியின் குறுக்கே ரயில் விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே பனிக்கட்டி பாலத்தைச் சிதைத்துவிட்டது. கல் கொட்டிய அணை இன்னும் நீருக்கடியில் கிடக்கிறது. அடுத்த முறை வரைபடத்தைப் பார்த்து, மிதவை அடையாளங்களுக்கு நடுவில் கடந்து போங்கள்.

ஒட்டலாம், தாராளமாக ஒட்டலாம். உடைந்த ஓரத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். தடிப்பு ஒரு பங்கென்றால் சரிவு பன்னிரண்டு பங்கு. முகக்கவசம் இல்லாமல் அந்தத் தூளைச் சுவாசிக்காதீர்கள். உடைந்த இடம் நன்றாகக் காய்ந்த பிறகு, பெரிய துண்டு, சிறிய துண்டு என்று படிப்படியாக மேட் எனப்படும் கண்ணாடியிழைப் பாயை வைத்து ரெசின் பூசி, உருளையால் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள்.

ஆனால் நாள் பார்த்துச் செய்யுங்கள். காரைநகரில் மதிய வெயிலில் ரெசின் கலக்கினால் பூசி முடிக்குமுன் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். கடினமாக்கியைக் குறைத்துக் கலப்போம். இங்கே அக்டோபரில் குளிர்ந்த கராஜுக்குள் அதே கலவை மறுநாளும் பிசுபிசுத்துக் கிடக்கிறது. பதினைந்து பாகை செல்சியசுக்குக் கீழே பொலியெஸ்டர் ரெசின் ஒழுங்காக இறுகாது. அறையைச் சூடாக்குங்கள், அல்லது வசந்தம் வரும்வரை பொறுங்கள். கடினமாக்கியை அள்ளி ஊற்றி ஈடுகட்ட முயலாதீர்கள், ஒட்டு நொறுங்கும்.

கேள்வி (மொன்றியல்): என் மைத்துனர் வடமராட்சி கிழக்கில் கடற்றொழில் செய்கிறார். இங்கிருந்து நல்ல அலுமினியப் படகு ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று நினைக்கிறோம். உங்கள் கருத்து?

அன்போடு நினைக்கிறீர்கள். ஆனாலும் அனுப்பாதீர்கள்.

ஏரித் தண்ணீரில் மெல்ல நடக்கிற அரிப்பு உப்புத் தண்ணீரில் மிக வேகமாக நடந்துவிடும். கடலுக்கென்றே மக்னீசியம் கலந்து செய்த 5083, 5086 போன்ற கலவைகள் உண்டு; அவற்றால் கட்டிய படகுகள் கடலில் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் இங்கே ஏரிக்குச் செய்து விற்கிற மெல்லிய ரிவெட் படகு பெரும்பாலும் அந்த வகை இல்லை. அதில் ஒரு மூட்டுப் பிளந்தால் ஆர்கன் வாயு வைத்து அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி மைத்துனர் எத்தனை மைல் போகவேண்டும்? அத்தனை நாளும் தொழில் இல்லை. கண்ணாடியிழைப் படகு உடைந்தாலோ, அதே கரையில் மேட்டும் ரெசினும் வைத்து மாலைக்குள் ஒட்டித் தருகிற கை இருக்கிறது. படகின் உண்மையான பலம் அந்தக் கைதான்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரைகளுக்குக் கண்ணாடியிழைப் படகுகள் உதவியாக வந்து குவிந்தன. நல்லவையும் இருந்தன, அவசரத்தில் மெல்லியதாக வார்த்துத் தள்ளியவையும் இருந்தன. கொடுத்தவர் மனம் நல்லதாக இருந்தாலும், கடலுக்குப் போகிறவரைக் கேட்காமல் வந்த படகு கரையில்தான் கிடக்கும். எனவே மைத்துனரையே கேளுங்கள். எந்தப் படகு கட்டும் தளத்தின் படகு, எத்தனை அடி, எந்த இயந்திரம் என்று அவர் சொல்வார். பணத்தை அனுப்புங்கள். வார்க்கும்போது அவர் பக்கத்தில் நின்று எத்தனை அடுக்கு மேட் போடுகிறார்கள் என்று எண்ணட்டும். ஏரா எனப்படும் அடிமரப் பகுதியில் இரண்டு அடுக்குக் கூடுதலாகக் கேட்கட்டும்.

கேள்வி (ஓஷவா): பயன்படுத்தி முடித்தபின் எது தொல்லை?

கண்ணாடியிழை. அலுமினியத்தைப் பழைய உலோகக் கடைக்காரர் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். கண்ணாடியிழையை உருக்க முடியாது. வெட்டிக் குப்பைமேட்டுக்கு அனுப்ப நீங்கள்தான் காசு கொடுக்கவேண்டும். "இலவசம்" என்று யாராவது பழைய படகு தந்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ, முதலில் கேட்டவர்): அண்ணா, பதினாறு அடி அலுமினியம் வாங்கிவிட்டேன். சனிக்கிழமை ரைஸ் ஏரி, ஞாயிறு சிம்கோ. வேறு ஏதாவது கவனிக்கவேண்டுமா?

மகிழ்ச்சி, தம்பி. சனிக்கிழமை மாலை படகைக் கரையேற்றியதும் அடைப்பானைக் கழற்றி, தண்ணீர் முழுவதையும் வடியவிடுங்கள். இழுவண்டியில் சிக்கிய களைகளைக் கையால் பிடுங்குங்கள். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம்; வரிக்குதிரை மட்டி போன்றவை ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் பயணம் செய்வது இப்படித்தான். கழற்றிய அடைப்பானை இயந்திரத்தின் சாவியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். ஞாயிறு காலை சாவியை எடுக்கும்போது அதுவும் கையில் வரும். பூட்டிவிட்டுப் படகை இறக்குங்கள்.